ஓட்டன் சமவெளியின் ஈரநிலமும் வனவுயிர் காணும் விடுமுறையும்

ஈரநிலம் என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவன புந்தலக் களப்பும், மன்னார்க் கடலோரமும், சுண்டிக்குளத்துப் பூநாரைக் கூட்டமுமேயாம். மருதத்துக்கும் நெய்தலுக்குமே உரியதெனக் கருதப்படும் சேற்றுநிலம், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்திலும் உண்டெனக் கூறின் பலர் வியப்பர். திணைமயக்கம் என்னும் இலக்கண வழக்கை நிலத்தின்மேலும் ஏற்றிக் கூறலாமாயின், அதற்குத் தக்க எடுத்துக்காட்டு நுவரெலியா மாவட்டத்து ஓட்டன் சமவெளியாகும். வனவுயிர் காணும் விருப்பினராய் அங்குச் செல்வோரிற் பெரும்பாலார் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்தான பாறை விளிம்பை நாடி விரைந்து சென்று, படம் பிடித்துக்கொண்டு மீளுகின்றனர். அவர்தம் காலடியிற் கிடக்கும் ஈரநிலமே அவ்விடத்தின் உயிர்நிலை என்பதும், காண்டற்குரிய உயிரினங்கள் அதனையே சார்ந்து வாழ்கின்றன என்பதும் ஈண்டு விளக்கப்படும்.

சமவெளியின் தாழ்ந்த பகுதிகளைப் போர்த்துள்ள புல்நிலம் ஈரப்பத்தனை எனப்படும். குளிர் மிகுதியால் ஆங்கு விழும் இலையும் வேரும் விரைவில் மக்குவதில்லை. அவை ஆண்டுதோறும் படிந்து கரிய மண்ணாகின்றன. அம்மண் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடுவிக்கும் இயல்பினது. சூழவுள்ள குறுமரக் காடுகளோ மழையை மட்டுமன்றி மூடுபனியையும் இலையாலும் பாசியாலும் வடித்து நிலத்துக்கு ஊட்டுகின்றன. மாவலி, களனி, வளவை என்னும் மூன்று பேராறுகளுக்கும் இங்கிருந்து தலைநீர் செல்கின்றது. கோப்பிப் பயிருக்காகக் காடுகள் அழிக்கப்பட்டு வந்த காலத்தில், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு தாவரவியலறிஞர் யோசேப்பு ஊக்கர் 1873 இல் அரசினர்க்கு அறிவுறுத்தினார். அச்சொல் ஏற்கப்படாதிருந்திருப்பின், இன்று தேயிலை நின்றிருக்குமிடம் இச்சமவெளியாகவும் இருந்திருக்கக்கூடும்.

இங்கு விடுமுறை கழித்தல் என்பது முற்காலத்தில் வேட்டையாடுதலேயாம். 1834 இல் ஆங்கிலப் படையினர் இருவர் இந்நிலத்தைக் கண்டு தேசாதிபதி வில்மட் ஓட்டன் பெயரை அதற்கு இட்டனர். சிங்கள மக்கள் மகா எலிய என முன்னரே வழங்கிய நிலத்தைக் ‘கண்டுபிடித்தனர்’ என எழுதுவது நூலாசிரியர் சிலரது வழக்கம். 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்திக் கொன்ற களிப்பை ஒரு நூலாகவே எழுதினார். இங்கு வாழ்ந்த யானைகள் அற்றுப்போயின. வேட்டையினர் தங்கிய பார் இன் என்னும் மனையே இன்று வருவோர்க்கு விளக்கந்தரும் நிலையமாயிருத்தல் கருதத்தக்கது. 1969 இல் இயற்கை ஒதுக்கமாகவும், 1988 இல் தேசிய வனமாகவும் இந்நிலம் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள மாதங்களே செல்லத்தக்க காலம். விடியுமுன்னரே வாயிலை அடைதல் வேண்டும். முற்பகலிற் பனி எழுந்து காட்சியை மறைத்துவிடும். புல்வெளியில் மரைக் கூட்டங்களை எளிதிற் காணலாம். அவற்றை உண்டு வாழும் சிறுத்தையைக் காண்டல் அரிது. காட்டோரத்திற் செவிமடுத்து நிற்போர்க்கு, இலங்கைக்கே உரிய மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியின் குரல் கேட்கும். கருமந்தியும், மூக்கிற் கொம்புடைய ஓணானும் உண்டு. நம் குறிஞ்சியின் இனமாகிய நெலுச் செடிகள் 2013 இற் கூட்டமாய்ப் பூத்தபோது மக்கட் கூட்டமும் பெருகிற்று.

எனினும் யாம் முதலில் வைத்து எண்ணத்தக்கது மரத்தவளையே. இம்மலைக்குரிய சிறு மரத்தவளைகள் பல, குளத்தில் முட்டையிடுவதில்லை. ஈரமான மண்ணிலோ இலையிலோ இடுகின்றன. அம்முட்டையினின்று வாற்பேத்தை தோன்றாது, முழுத் தவளைக் குஞ்சே வெளிவரும். ஆதலின் அவற்றுக்குக் குளம் வேண்டுவதில்லை, ஓயாத ஈரம் ஒன்றே வேண்டும். பனி குறைந்து மண் உலருமாயின் அவ்வாண்டுத் தலைமுறை முட்டையிலேயே மாளும். இலங்கையில் இத்தகைய தவளையினங்கள் பல முற்றாக அழிந்தொழிந்தன என்பது அறிஞர் துணிபு.

இந்நிலத்துக்கு நேர்ந்துள்ள கேடுகள் சிலவற்றுக்கு அன்பர்களும் காரணராயினர். தூண்டிலின்பத்துக்காக வெள்ளையர் ஓடைகளில் விட்ட ட்ரவுட் மீன், இங்கேயே வாழும் சிற்றிறால்களை இரையாக்குகின்றது. அவர் கொணர்ந்த கோர்சு என்னும் முட்செடி புல்வெளியைக் கவர்ந்து பரவுகின்றது. காட்டு மரங்கள் நின்றபடியே பட்டுப்போவதற்குக் காரணம் யாதென்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமைப்படவில்லை. மரைகளோ வருவோர் எறியும் பொலித்தீனைத் தின்று இறந்துள்ளன. அதனாலேயே வாயிலிற் பைகளைச் சோதித்து, நீர்ப்போத்தலிற் சுற்றிய தாளையும் அகற்றுகின்றனர். இதனைத் தொல்லையென முணுமுணுப்பார் உளர்.

உலக முடிவில் நின்று எண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தை நோக்குவோர்க்குக் கீழே தேயிலைத் தோட்டங்கள் தோன்றும். சமவெளியைச் சூழ்ந்த சரிவுகளில் லயன்களில் வாழும் எம்மக்கள் பீலியில் ஏந்தும் நீர் மலைக்காட்டினின்று வருவதே. காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்ட கைகள் அவர்தம் முன்னோருடையவை. காடு எஞ்சினாலன்றி நீரில்லை என்பதை நாளும் அறிபவரும் அவரே. ஆயினும் தோட்டப் பாடசாலை மாணவரிற் பலர், அடிவாரத்திற் பிறந்து வளர்ந்தும் சமவெளியைக் கண்டதில்லை. அதனைக் காண உலகின் மறுகோடியிலிருந்து அயல்நாட்டார் வருகின்றனர். கல்லூரிச் சுற்றுலாக்களை வகுக்கும் ஆசிரியர்கள் இதனை எண்ணுதல் நன்று.

சமவெளிக்குச் செல்ல இயலாதார் நுவரெலியா நகரிலேயே ஒருநாள் தங்கலாம். அங்குள்ள கிரகரி வாவியும் 1873 இல் சதுப்புநிலத்தில் ஆக்கப்பட்டதே. விக்டோரியாப் பூங்காவின் ஓடையோரத்தில், நவம்பர் முதல் மார்ச்சு வரை, காசுமீரத்திலிருந்து வரும் ஈப்பிடிப்பானையும் ஆறுமணிக்குருவியையும் காணலாம். ஓடையில் நகரத்து அழுக்கு நீர் கலந்திருத்தலால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க நேரிடும். பறவைகள் அச்சேற்றிலேயே இரை தேடுகின்றன.