மெயின்ஃப்ரேமிலிருந்து எக்ஸ்.எம்.எல். கோப்பு

பெரிய வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றில் இன்றும் கணக்கு வழக்குகளைச் சுமப்பவை மெயின்ஃப்ரேம் எனப்படும் பெரிய கணிப்பொறிகளே. அவற்றில் பெரிதும் வழங்கும் மொழி கோபால். (பக்கத்து வீட்டு கோபால் அல்ல, 1959-ல் திட்டமிடப்பட்ட கணிப்பொறி மொழி!)

மெயின்ஃப்ரேம் கோப்பில் முதல் பத்து எழுத்து கணக்கு எண், அடுத்த முப்பது பெயர் என்று இடம் ஒதுக்கியிருப்பார்கள். அந்த அளவு தெரியாத வேறொரு கணிப்பொறிக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம். 1998 பிப்ரவரியில் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத்த எக்ஸ்.எம்.எல். முறையிலோ, <தொகை>1500</தொகை> என்பது போல ஒவ்வொரு விவரமும் தன் பெயரைத் தாங்கியே வரும். நம் ரிசர்வ் வங்கி 2013 அக்டோபரில் தொடங்கிய புதிய ஆர்.டி.ஜி.எஸ். முறையின் செய்திகளும் இவ்வகைதான்.

மெயின்ஃப்ரேமில் இதை உருவாக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, கோபாலின் 'ஸ்ட்ரிங்' கட்டளையால் குறிகளையும் விவரங்களையும் கையால் கோப்பது. எளிதுதான்; ஆனால் நிறுவனப் பெயரில் '&' குறி வந்தால் அதை '&amp;' என மாற்ற மறந்துவிடக் கூடாது. மறந்தால் பெறுபவர் கணிப்பொறி கோப்பு முழுவதையுமே தள்ளிவிடும்.

இரண்டாவது, ஐ.பி.எம். கோபாலில் உள்ள 'எக்ஸ்.எம்.எல். ஜெனரேட்' கட்டளை. பதிவேட்டின் அமைப்பைப் பார்த்து அதுவே குறிகளை இடும்; '&' போன்றவற்றையும் மாற்றிவிடும்.

மூன்றாவது, தகவல்கள் டிபி2-வில் இருந்தால் எஸ்.க்யூ.எல். மூலமே பெறுவது. 2004-ல் வந்த 8-ஆம் பதிப்பு முதல் 'எக்ஸ்.எம்.எல். எலிமென்ட்' போன்ற வசதிகள் இதற்கென உள்ளன.

இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. 'ஜெனரேட்' கட்டளை எண்களின் முன்னால் உள்ள பூஜ்யங்களை நீக்கிவிடும். 0012345678 என்ற கணக்கு எண் 12345678 ஆகிவிட்டால், ஒருவரது பென்ஷன் போய்ச் சேராமல் நிற்கலாம். ஆகவே கணக்கு எண்ணை எண்ணாக அல்லாமல் எழுத்து வகையாகவே அறிவிக்க வேண்டும். கணக்குப் பார்க்கும் எண் வேறு, அடையாள எண் வேறு அல்லவா?

அடுத்தது எழுத்துக் குறியீடு. 'A' என்ற எழுத்து ஆஸ்கியில் 65. மெயின்ஃப்ரேமின் எப்சிடிக்கில் 193. கோப்பை அனுப்பும்போது எழுத்துகள் ஆஸ்கிக்கு மாறி, தலைப்பு வரி மட்டும் 'நான் எப்சிடிக்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் பெறும் கணிப்பொறி குழம்பிவிடும். தொடக்கத்திலேயே யூடிஎஃப்-8 முறையில் உருவாக்கி, மாற்றமின்றி பைனரியாக அனுப்புவதே நல்லது. தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் போய்ச் சேரவும் யூனிகோடே கைகொடுக்கும்.

இத்துறையில் புதிதாக அடியெடுத்து வைக்கும் நம் இளைஞர்கள், கோப்பை அனுப்புமுன் பூஜ்யத்தில் தொடங்கும் எண் ஒன்று, '&' உள்ள பெயர் ஒன்று என இரண்டு சோதனைப் பதிவுகளையாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பிறகு வரும் தலைவலியில் பாதி குறையும்.