சொத்து ஊருக்கு, சாவி யாருக்கு? மிஷன் நிலங்களின் அறங்காவலர் கதை

ஓசூரில் இரண்டு பேர் டீக்கடையில் நின்றால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் சதுர அடி விலையில்தான் வந்து நிற்கும். 1970களில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக ஆலைகள். இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பெங்களூரு. ராகியும் கொள்ளும் விளைந்த மண்ணை இன்று அடி கணக்கில் அளக்கிறார்கள்.

இப்படி விலை ஏறும் ஊர்களில் சுலபமாக விற்றுவிடக் கூடாத நிலங்களும் இருக்கின்றன. கோயில் நிலம், வக்ஃபு நிலம், அப்புறம் 'மிஷன் காம்பவுண்ட்' என்று பெரியவர்கள் சொல்லும் இடங்கள். ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம், நாலைந்து புளிய மரங்கள். நூறு வருடத்துக்கு முன்பு சொற்ப விலைக்கு வாங்கியது, அல்லது யாரோ சும்மா எழுதிக் கொடுத்தது. இன்று அதே இடம் பல கோடி.

அது யாருடைய சொத்து? தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆலயமாக இருந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறவரைக் கேளுங்கள். "எங்க சபையோடது" என்பார். ஆயரைக் கேட்டால் பேராயத்தைக் கை காட்டுவார். பேராய அலுவலகத்தில் பத்திரத்தைப் புரட்டினால் பெரும்பாலும் சென்னையில் பதிவான ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் சண்டையே.

பக்கத்து வீட்டுப் பெரியவரும் நகைப் பெட்டியும்

டிரஸ்டி என்றால் யார்? பேத்தி கல்யாணத்துக்கென்று ஒரு தாத்தா நகைப் பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொடுத்து வைக்கிறார். சாவி பெரியவரிடம். பூட்டலாம், திறக்கலாம், துடைத்து வைக்கலாம். தன் மகளுக்குப் போட்டு அழகு பார்க்க மட்டும் கூடாது. அறங்காவலரின் வேலை இவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தாத்தா இறந்துவிட்டார், பேத்தி என்பது ஒரு ஆள் இல்லை, ஒரு ஊரே என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி யார் கேட்பது?

கடல் தாண்டி வந்த முடிவுகள்

தொடக்கத்தில் இந்தச் சாவிகளெல்லாம் கடல் கடந்து இருந்தன. கிருஷ்ணகிரியே அதற்கு ஒரு சாட்சி. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனுக்காகத் தமிழகத்தில் ஊழியம் செய்த தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் இருவருக்கும் மிஷன் நிர்வாகத்தோடு வேதாகமக் கொள்கையில் முரண்பாடு வந்தது. நிர்வாகம் அங்கே, ஊழியம் இங்கே. விலகி வந்தவர்களை அமெரிக்காவின் மிசோரி சினாடு ஏற்றுக்கொண்டது. 1895இல் அவர்கள் வேலையைத் தொடங்கிய ஊர் கிருஷ்ணகிரி. நேதர் 1904இல் பிளேக் நோய்க்குப் பலியானார். ஊழியம் செய்தவரின் உயிர் போனது இந்த மண்ணில். பணமும் முடிவும் வந்தது கடல் தாண்டி.

அவர்கள் லுத்தரன் சபையார். ஆங்கிலிக்கன் பக்கம் கதை இன்னும் பழசு, இன்னும் கனமானது.

1701இல் லண்டனில் அரச சாசனத்தோடு தொடங்கிய சங்கம் எஸ்.பி.ஜி. நற்செய்தி பரப்புவதற்கான சங்கம். தலைவர், கேன்டர்பரி பேராயர். 1710இல் கிறிஸ்டோஃபர் காட்ரிங்டன் என்ற செல்வந்தர் இறந்தபோது, மேற்கிந்தியத் தீவான பார்படோஸில் இருந்த இரண்டு கரும்புத் தோட்டங்களை இந்தச் சங்கத்துக்கு உயில் எழுதி வைத்திருந்தார். வருமானத்தில் ஒரு கல்லூரி நடத்த வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: தோட்டத்தில் எப்போதும் குறைந்தது 300 அடிமைகள் இருக்க வேண்டும்.

சங்கம் ஏற்றுக்கொண்டது. நூறு வருடத்துக்கும் மேல் தோட்டத்தை நடத்தியது. தொடக்க காலத்தில் அங்கிருந்த அடிமைகளின் நெஞ்சில் 'சொசைட்டி' என்ற சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறித்தார்கள். லண்டனில் கமிட்டி கூடியது, கணக்கு வாசித்தது, சர்க்கரை விலையை விசாரித்தது. 1834இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது நஷ்டஈடாக 8,800 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அடிமைகளுக்கு அல்ல, சங்கத்துக்கு.

இதில் தமிழர்களுக்கு என்ன? கால்டுவெல் 1841இல் சேர்ந்தது இந்தச் சங்கத்தில்தான். திருக்குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜி.யு.போப் பணியாற்றியதும் இதில்தான். திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியின் வேரும் இங்கேதான். கால்டுவெல்லின் சம்பளம் சர்க்கரைப் பணம் என்று சொல்ல வரவில்லை. தோட்டக் கணக்கு கல்லூரிக்கெனத் தனியாக இருந்தது. ஆனாலும் இடையன்குடிக்குப் போதகரை அனுப்பிய அதே சங்கம்தான், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை மனிதர்களை உடைமையாக வைத்திருந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த டிரஸ்டிகள் எதையும் திருடவில்லை. உயிலில் எழுதியபடியே நடந்தார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களின் குரல் மட்டும் அந்தக் கமிட்டி அறைக்குள் போகவே இல்லை. இங்கிலாந்துத் திருச்சபை 2006இல் மன்னிப்புக் கேட்டது. யு.எஸ்.பி.ஜி. என்ற பெயரில் இன்றும் இயங்கும் அந்தச் சங்கம், பார்படோஸில் ஈடுசெய்யும் பணிகளுக்காக 70 லட்சம் பவுண்டு தருவதாக 2023இல் அறிவித்தது. அதுவும் அறங்காவலர்கள் எடுத்த முடிவுதான்.

பிறக்கும் முன்பே பீரோ

'ஆளும் நம்மவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது' என்ற எண்ணத்தை நம் பக்கத்தில் உரக்கச் சொன்னவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருச்செந்தூர் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதில் முன்னின்றவர். 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். அரிசிப் பானையிலிருந்து பிடி அரிசி ஒதுக்கிக் காணிக்கை கொடுத்த பெண்களின் பணத்தில் மிஷன் நடக்கலாம் என்றால், அந்தப் பணத்துக்கு லண்டனில் ஏன் கணக்கு எழுத வேண்டும்?

1930 வரை இந்தியாவின் ஆங்கிலிக்கன் சபை சட்டப்படி இங்கிலாந்துத் திருச்சபையின் ஒரு பகுதி. 1927இல் வந்த சட்டம்தான் அந்த முடிச்சை அவிழ்க்க வழி செய்தது. பிறகு 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கியச் சபையார் எல்லோரும் சேர்ந்து சி.எஸ்.ஐ. பிறந்தது. அதன் சொத்துகளை வைத்திருக்க 'சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன்' என்ற கம்பெனி பதிவானது அதற்கு முந்தைய நாள், செப்டம்பர் 26. குழந்தை பிறக்கும் முன்பே பீரோ வாங்கியாயிற்று!

கம்பெனி என்றதும் லாபம், பங்கு என்று நினைக்க வேண்டாம். லாபத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது என்ற விதியோடு, 1913ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 26ஆவது பிரிவில் பதிவானது அது. இன்றைய சட்டத்தில் அதற்கு இணையானது 8ஆவது பிரிவு. நெல்லை, தூத்துக்குடிப் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் 'டி.டி.டி.ஏ.' என்று பார்த்திருப்பீர்கள். அதுவும் இப்படி ஒரு டிரஸ்ட் அசோசியேஷன்தான்.

சாவி லண்டனிலிருந்து சென்னைக்கு வந்தது. தூரம் குறைந்தது, சந்தேகம் குறைந்ததா? சி.எஸ்.ஐ. சினாடு தேர்தல் வழக்கில் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகிகளாக நியமிக்கும் அளவுக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. பேராயத் தேர்தலில் எதற்கு இத்தனை போட்டி என்று கேட்டால், பிரசங்க பீடத்தை யாரும் கை காட்டுவதில்லை.

வட இந்தியத் திருச்சபை 1970இல் உருவானபோது குஜராத்தின் பிரதரன் சபையும் அதில் இணைவதாகத் தீர்மானம் போட்டது. சபை சேர்ந்துவிட்டது, சொத்தும் சேர்ந்துவிட்டதா என்பதில் பல ஆண்டு வழக்கு. உச்ச நீதிமன்றம் 2013இல் தெளிவாகச் சொன்னது: சபைகள் இணைவது வேறு, டிரஸ்ட் சொத்து கைமாறுவது வேறு. தீர்மானம் போட்டு மட்டும் ஒரு பொது அறக்கட்டளையைக் கலைத்துவிட முடியாது.

போனிலேயே பார்க்கலாம்

அந்தக் குஜராத் வழக்கில் மும்பை பொது அறக்கட்டளைச் சட்டம் 1950 இருந்தது. அதன்படி அறநிலைய ஆணையர் ஒருவர் மேலே இருந்து பார்ப்பார். தமிழ்நாட்டில் எல்லா மதத்துக்குமான அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. கோயில்களுக்கு 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம், வக்ஃபுக்குத் தனிச் சட்டம். பத்திரப் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவிலும் கோயில் நிலம், வக்ஃபு நிலம் என்று பெயர் சொல்லித்தான் தடை போட்டிருக்கிறார்கள். சர்ச் நிலம் அந்தப் பட்டியலில் வரவில்லை. அரசு கை வைக்க வேண்டாம் என்று சபைகள் நினைப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் அரசும் பார்க்காது, சபையாரும் கேட்க மாட்டார்கள் என்றால் அது டிரஸ்டிகளுக்கு மட்டுமே வசதி.

கேட்க வழி இல்லாமல் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆவது பிரிவின்படி, பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போடலாம். கணக்குக் கேட்கலாம், டிரஸ்டியை நீக்கக் கோரலாம். அதற்கு முந்தைய படி இன்னும் சுலபம். சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழை போனிலேயே பார்க்கலாம். பட்டா யார் பெயரில் என்பதையும் பார்க்கலாம். டிரஸ்ட் கம்பெனியாக இருந்தால், அது அரசிடம் தாக்கல் செய்த ஆவணங்களை கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கட்டணம் கட்டி யாரும் எடுக்கலாம். குடும்பச் சொத்துக்கு வருடா வருடம் வில்லங்கம் பார்க்கிறவர்கள்கூட, தாத்தா பாட்டி புதைந்திருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் பார்ப்பதில்லை.

ஓசூருக்கு இது பழைய கதை மட்டும் இல்லை. ஆலை வேலைக்கு வந்த நெல்லை, குமரி மாவட்டக் குடும்பங்கள் தங்கள் சபையையும் கூடவே கொண்டு வந்துவிடுகின்றன. முதலில் ஒரு வீட்டு மாடியில் ஜெபக் கூட்டம். பிறகு ஒரு வாடகை ஹால். அப்புறம் நாலு பேர் போனஸ் பணத்தைப் போட்டு லேஅவுட்டில் ஒரு மனை. பத்திரம் யார் பெயரில்? போதகர் பெயரில் எழுதினால் அவருக்குப் பிறகு அது அவர் பிள்ளைகளின் வாரிசுச் சொத்து ஆகிவிடலாம். உள்ளூரில் நாலைந்து பேர் டிரஸ்ட் எழுதினால், அந்த நாலைந்து பேருக்குள் சண்டை வராமல் இருக்க வேண்டும். காலியாகும் இடத்தை யார் நிரப்புவது, எத்தனை ஆண்டு பதவி என்பதெல்லாம் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பெரிய திருச்சபையின் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் எழுதினால் பாதுகாப்பு கூடும். ஆனால் அதன்பிறகு காம்பவுண்ட் சுவர் ஓரமாக நாலு கடை கட்டி வாடகைக்கு விடுவதா வேண்டாமா என்பதைக்கூட ஓசூர்க்காரர்கள் மட்டும் முடிவு செய்ய முடியாது.

சார் பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் எடுப்பதற்கு முன்பு, காணிக்கை போட்ட எல்லோரையும் உட்கார வைத்து இந்த மூன்றில் எது என்று கேட்டுவிடுவது நல்லது. அன்றைக்கு அரை நாள் வாக்குவாதம் நடந்தாலும் பரவாயில்லை.