டைசனா, ஹோலிபீல்டா, லூயிசா? ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் யார் பெரிய ஆள்?

மைக் டைசன் பெயரை கேள்விப்படாதவர்கள் குறைவு. குத்துச்சண்டை பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் ‘காதைக் கடித்தவர்’ என்றால் தெரிந்துவிடும். ஆனால் அதே டைசனை 8-வது ரவுண்டில் மல்லாக்க படுக்க வைத்தவர் யார் என்று கேட்டால் பலரும் தலையை சொறிவார்கள்.

அவர் பெயர் லெனாக்ஸ் லூயிஸ். டைசனிடம் கடி வாங்கியவர் இவாண்டர் ஹோலிபீல்டு. 1980-களின் கடைசியில் இருந்து 2000-களின் தொடக்கம் வரை ஹெவிவெயிட் குத்துச்சண்டையை ஆட்டிப்படைத்தவர்கள் இந்த 3 பேர்தான்.

3 பேரில் யார் பெரிய ஆள் என்ற சண்டை ரசிகர்களிடம் இன்னும் தீரவில்லை. நாக்-அவுட்டை மட்டும் எண்ணினால் ஒரு பதில் வரும். யாரை ஜெயித்தார், எப்போது ஜெயித்தார், தோற்ற பிறகு என்ன செய்தார் என்று பார்த்தால் வேறு பதில் வரும்.

ஒரே நேரத்தில் 3 சாம்பியன்

குத்துச்சண்டையில் எடைக்கு தகுந்தபடி பிரிவுகள் உண்டு. கடைசி பிரிவு ஹெவிவெயிட். இப்போதைய விதிப்படி 200 பவுண்டு, அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேல் எடை உள்ள யாரும் இதில் மோதலாம். மேல் வரம்பே கிடையாது. அதனால்தான் இந்த பிரிவுக்கு அவ்வளவு மவுசு.

பட்டம் கொடுப்பதில்தான் குழப்பம். அந்த காலத்தில் டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எப். என்று 3 பெரிய அமைப்புகள் தனித்தனியாக பெல்ட் கொடுத்தன. ஒரே நேரத்தில் 3 பேர் ‘நான்தான் உலக சாம்பியன்’ என்று சொல்லிக்கொள்ள முடியும். 3 பெல்ட்டையும் ஒரே ஆள் பறித்தால்தான் மறுக்க முடியாத சாம்பியன்.

டைசன் 1987-லும், ஹோலிபீல்டு 1990-லும், லூயிஸ் 1999-லும் அந்த இடத்தை பிடித்தார்கள். இந்த விஷயத்தில் 3 பேரும் சமம்.

கணக்கு இதுதான்

டைசன்: 59 சண்டை. 50 வெற்றி, அதில் 44 நாக்-அவுட். 7 தோல்வி. 2 சண்டை முடிவு இல்லை.

ஹோலிபீல்டு: 57 சண்டை. 44 வெற்றி, அதில் 29 நாக்-அவுட். 10 தோல்வி, 2 டிரா. ஒரு சண்டை முடிவு இல்லை.

லூயிஸ்: 44 சண்டை. 41 வெற்றி, அதில் 32 நாக்-அவுட். 2 தோல்வி, ஒரு டிரா.

ஜெயித்த சண்டைகளில் நாக்-அவுட் என்று பார்த்தால் டைசன் 100-க்கு 88. லூயிஸ் 78. ஹோலிபீல்டு 66. அடியின் வேகத்துக்கு டைசனை மிஞ்ச ஆள் இல்லை என்று ரசிகர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

91 வினாடி மின்னல்

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வறுமையில் வளர்ந்தவர் டைசன். சின்ன வயதிலேயே பலமுறை போலீசில் சிக்கினார். சீர்திருத்த பள்ளியில் இருந்தவரை கஸ் டமாட்டோ என்ற வயதான பயிற்சியாளர் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வளர்த்தார். டைசன் சாம்பியன் ஆவதை பார்க்காமலேயே 1985-ல் அவர் இறந்துவிட்டார்.

தொழில்முறை போட்டிகளில் டைசனின் முதல் 19 சண்டையும் நாக்-அவுட். அதில் 12 பேர் முதல் ரவுண்டையே தாண்டவில்லை. 1986 நவம்பர் 22-ந்தேதி டிரெவர் பெர்பிக்கை 2-வது ரவுண்டில் சாய்த்தபோது டைசனுக்கு வயது 20 ஆண்டு 4 மாதம். ஹெவிவெயிட்டில் அவ்வளவு சின்ன வயதில் பட்டம் வென்றவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

1988-ல் அதுவரை தோல்வியே காணாத மைக்கேல் ஸ்பிங்சை 91 வினாடியில் முடித்தார். டிக்கெட் வாங்கியவர்கள் இருக்கையில் சரியாக உட்காருவதற்குள் சண்டை முடிந்துவிட்டது.

அதன்பிறகு சரிவு. 1990 பிப்ரவரி 11-ந்தேதி டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் என்ற, யாருமே கண்டுகொள்ளாத வீரரிடம் 10-வது ரவுண்டில் விழுந்தார். டக்ளஸ் ஜெயிப்பார் என்று கட்டிய ஒரு டாலருக்கு 42 டாலர் கிடைக்கும் என்று சூதாட்ட கிளப்பில் கணக்கு போட்டிருந்தார்கள். அந்த அளவுக்கு அவரை மட்டமாக நினைத்திருந்தார்கள்.

1992-ல் இளம்பெண் ஒருவரை பலாத்காரம் செய்த வழக்கில் டைசன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 1995 மார்ச் வரை ஜெயிலில் இருந்தார். வீரத்தை பேசும்போது இதை மறைத்துவிட்டு பேச முடியாது.

சிறிய உடம்பு, பெரிய மனசு

ஹோலிபீல்டு பிறவி ஹெவிவெயிட் அல்ல. அதற்கு கீழே உள்ள குரூசர்வெயிட் பிரிவில் 1988-ல் எல்லா பட்டங்களையும் வென்றுவிட்டு, உடம்பை ஏற்றிக்கொண்டு மேலே வந்தவர். 1990 அக்டோபரில் டக்ளசை 3-வது ரவுண்டில் வீழ்த்தி மறுக்க முடியாத சாம்பியன் ஆனார்.

அடுத்து ஜார்ஜ் போர்மேன், லாரி ஹோம்ஸ் ஆகிய முன்னாள் சாம்பியன்களை ஜெயித்தார். 1992-ல் ரிடிக் போவிடம் தோற்றார். அடுத்த வருடமே அவரை ஜெயித்து பட்டத்தை திரும்ப வாங்கினார். 1994-ல் மைக்கேல் மூரரிடம் தோற்றார். 1997-ல் அவரையும் பழிதீர்த்தார்.

2000-ம் ஆண்டில் ஜான் ரூசை ஜெயித்தபோது ஹெவிவெயிட் பட்டம் ஹோலிபீல்டுக்கு 4-வது முறை. அதற்கு முன்பு யாரும் செய்யாத சாதனை அது. 10 தோல்வி என்பது பார்க்க அசிங்கமாக தெரியலாம். ஆனால் பாதிக்கு மேல் 2001-ல் இருந்து, அதாவது 38 வயதை தாண்டி வாங்கியவை.

காது கடித்த இரவு

டைசனும் ஹோலிபீல்டும் 1991-லேயே மோதியிருக்க வேண்டும். நவம்பரில் தேதியும் குறித்தார்கள். டைசனுக்கு விலாவில் காயம். சண்டை தள்ளிப்போனது. அதற்குள் ஜெயில் வந்துவிட்டது. 5 வருடம் கழித்து 1996 நவம்பர் 9-ந்தேதி லாஸ்வேகாசில்தான் இருவரும் கோதாவில் இறங்கினார்கள்.

ஹோலிபீல்டு உயிரோடு திரும்பினால் போதும் என்றுகூட பேசினார்கள். நடந்தது வேறு. 11-வது ரவுண்டில் டைசன் தாக்குப்பிடிக்க முடியாமல் நடுவர் சண்டையை நிறுத்தினார்.

1997 ஜூன் 28-ந்தேதி மறுபடியும் மோதினார்கள். 3-வது ரவுண்டில் டைசன் ஹோலிபீல்டின் வலது காதின் மேல் பகுதியை கடித்து துண்டாக்கினார். எச்சரித்த பிறகு இடது காதையும் கடித்தார். நடுவர் மில்ஸ் லேன் அவரை தகுதி நீக்கம் செய்தார். 30 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. லைசென்சும் பறிபோனது. ஒரு வருடத்துக்கு மேல் டைசனால் கையுறை மாட்ட முடியவில்லை.

பேசாமல் ஜெயித்தவர்

லூயிஸ் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவை சேர்ந்தவர்கள். 12 வயதில் கனடா போய் அங்கேயே வளர்ந்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவுக்காக தங்கம் வாங்கினார். இறுதிப்போட்டியில் அவர் வீழ்த்தியது பின்னாளில் ஹோலிபீல்டை ஜெயித்த அதே ரிடிக் போவைத்தான்.

1992-ல் உலக சாம்பியனாக இருந்த போவ், லூயிசுடன் மோத மறுத்து டபிள்யூ.பி.சி. பெல்ட்டை குப்பை தொட்டியில் போட்டார். அந்த பட்டம் லூயிசுக்கு வந்தது. ‘சும்மா கிடைத்த சாம்பியன்’ என்று கிண்டல் செய்தார்கள்.

லூயிசுக்கு 2 கரும்புள்ளிகள் உண்டு. 1994-ல் ஆலிவர் மெக்காலிடம் 2-வது ரவுண்டில் விழுந்தார். 2001 ஏப்ரலில் தென்ஆப்பிரிக்காவில் ஹசிம் ரகுமானிடம் 5-வது ரவுண்டில் விழுந்தார். மூச்சு வாங்கும் உயரமான ஊரில் சண்டை. முன்கூட்டியே போய் பழகாமல் லூயிஸ் சினிமாவில் தலைகாட்டிவிட்டு கடைசி நேரத்தில் போய் சேர்ந்தார். அலட்சியத்துக்கு கிடைத்த கூலி அது.

ஆனால் இருவரையும் அவர் விடவில்லை. 1997-ல் மெக்காலை 5-வது ரவுண்டில் ஜெயித்தார். ரகுமானை அதே 2001 நவம்பரில் 4-வது ரவுண்டில் அடித்து தூக்கினார். தன்னோடு மோதிய எல்லோரையும் ஒரு முறையாவது ஜெயித்தவர் என்ற பெருமை 3 பேரில் லூயிசுக்கு மட்டும்தான் உண்டு.

நேருக்கு நேர் என்ன ஆச்சு?

1999 மார்ச் 13-ந்தேதி நியூயார்க்கில் லூயிஸ் - ஹோலிபீல்டு மோதல். லூயிஸ் விட்ட குத்தில் 348 சரியாக விழுந்தது. ஹோலிபீல்டு விட்டதில் 130 மட்டுமே. ஆனால் ஒரு நடுவர் லூயிசுக்கும், ஒருவர் ஹோலிபீல்டுக்கும் புள்ளி போட, மூன்றாமவர் சமம் என்றார். சண்டை டிரா. ‘இது அநியாயம்’ என்று கொந்தளிப்பு எழுந்தது. நவம்பரில் மறுபடி மோதினார்கள். 3 நடுவர்களும் லூயிசுக்கே புள்ளி கொடுத்தார்கள்.

டைசன் - லூயிஸ் மோதலும் தள்ளிக்கொண்டே போனது. 1996-ல் டைசன் வேறு ஆளுடன் மோதுவதற்காக லூயிசை ஒதுங்கி நிற்கச் சொல்லி 40 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2002 ஜனவரியில் நிருபர்கள் முன்னிலையில் இருவரும் கட்டிப்புரண்டபோது டைசன் லூயிசின் காலை கடித்தார். இதனால் லாஸ்வேகாஸ் கைவிரித்தது. 2002 ஜூன் 8-ந்தேதி மெம்பிஸ் நகரில் நடந்த சண்டையில் 8-வது ரவுண்டில் லூயிசின் வலது கை குத்தில் டைசன் சாய்ந்தார்.

ஆக, இந்த 3 பேருக்குள் நடந்த சண்டை மொத்தம் 5. லூயிஸ் 2 வெற்றி, ஒரு டிரா. ஹோலிபீல்டு 2 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. டைசன் 3 தோல்வி.

‘டைசனுக்கு வயசாகிவிட்டது’ - சரியா?

டைசன் ரசிகர்கள் சொல்லும் முதல் காரணம் வயது. பிறந்த தேதியை பார்த்தால் அது நிற்காது. லூயிஸ் பிறந்தது 1965 செப்டம்பர். டைசன் பிறந்தது 1966 ஜூன். லூயிஸ்தான் ஏறக்குறைய 10 மாதம் மூத்தவர். ஹோலிபீல்டு இன்னும் மூத்தவர், 1962-ல் பிறந்தவர். டைசனை அடித்தபோது ஹோலிபீல்டுக்கு 34 வயது, டைசனுக்கு 30 வயது.

ஜெயிலில் போன 3 வருடமும், குருநாதர் போன பிறகு கெட்ட பழக்கமும் டைசனை தேய்த்தன என்பது நிஜம். 1988-ல் இருந்த டைசனை லூயிஸ் தாங்கியிருப்பாரா என்ற கேள்விக்கு பதில் கிடைக்கவே போவதில்லை. ஆனால் உடம்பையும் ஒழுக்கத்தையும் கடைசிவரை காப்பதும் அந்த தொழிலில் பாதி. அதில் டைசன் தோற்றார்.

கையில் மிஞ்சியது என்ன?

டைசன் சம்பாதித்தது சுமார் 30 கோடி டாலர் என்பார்கள். 2003-ல் அவர் திவால் நோட்டீஸ் கொடுத்தார். 2024 நவம்பரில் 58 வயதில் மறுபடி கோதாவுக்கு வந்து, 27 வயது ஜேக் பாலிடம் புள்ளிகளில் தோற்றார். அதுதான் அவரது 7-வது தோல்வி.

ஹோலிபீல்டும் கோடி கோடியாக பார்த்தவர்தான். 109 அறைகள் கொண்ட அவரது பங்களா 2012-ல் கடனுக்காக கைவிட்டுப்போனது. 48 வயது வரை அடி வாங்கிக்கொண்டே இருந்தார்.

லூயிஸ் மட்டும் நேரம் பார்த்து இறங்கினார். 2003 ஜூனில் விட்டாலி கிளிட்ச்கோவுடன் மோதினார். 6 ரவுண்டு முடிவில் புள்ளிகளில் பின்தங்கித்தான் இருந்தார். கிளிட்ச்கோ முகம் கிழிந்ததால் சண்டை நிறுத்தப்பட்டு லூயிஸ் தப்பித்தார். ‘இனி போதும்’ என்று அவருக்கு புரிந்தது. மறுமோதலுக்கு கோடிகள் காத்திருந்தும் 2004 பிப்ரவரியில் சாம்பியனாகவே ஓய்வு பெற்றார். திரும்பி வரவே இல்லை.

யாருக்கு மாலை?

சர்வதேச குத்துச்சண்டை புகழ் மண்டபம் 3 பேரையும் சேர்த்துக்கொண்டது. லூயிஸ் 2009-ல், டைசன் 2011-ல், ஹோலிபீல்டு 2017-ல்.

2, 3 வருடத்துக்குள் எதிரிகளை நடுங்க வைத்தவர் யார் என்றால் டைசன். யார் எதிரே நின்றாலும் பின்வாங்காமல் மோதியவர் யார் என்றால் ஹோலிபீல்டு. மொத்த கணக்கில், பழிதீர்த்ததில், நேருக்கு நேர் மோதியதில், சரியான நேரத்தில் விலகியதில் முதலிடம் லூயிசுக்கு.

1999-ல் லூயிஸ் பிடித்த மறுக்க முடியாத ஹெவிவெயிட் சாம்பியன் இடத்துக்கு அடுத்த ஆள் வர ஏறக்குறைய 25 வருடம் ஆனது. 2024 மே மாதம் உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக் அதை பிடித்தார். ஹோலிபீல்டு போலவே குரூசர்வெயிட்டில் இருந்து மேலே வந்தவர் அவர். அன்று அவரிடம் தோற்றவர் இங்கிலாந்தின் டைசன் பியூரி. மைக் டைசன் மீதுள்ள பிரியத்தில் அப்பா வைத்த பெயர் அது. கணக்கில் லூயிஸ் முந்தினாலும், பிள்ளைக்கு வைக்க ரசிகர்கள் தேடும் பெயர் டைசன்தான்.