எட்டரை மீட்டர் அலைக்கு எவ்வளவு பெரிய வாய்?

மூடிய பெட்டி சப்வூஃபர், தனக்குக் கிடைக்கும் மின்திறனில் ஏறக்குறைய 1 விழுக்காட்டைத்தான் ஒலியாக மாற்றுகிறது. 1000 வாட் கொடுத்தால் 10 வாட் ஒலி. மிச்சத்தில் பெரும்பகுதி, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் வெப்பமாகப் போய்விடும். காயில் சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடும். ஆம்ப்ளிஃபயரிடமிருந்து அது வாங்கும் திறன் குறைந்து, ஒலி இன்னும் தணியும்.

இந்த இழப்புக்குக் காரணம் காற்றின் இலேசுத்தன்மை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மீட்டர். அதற்கு முன்னால் 18 அங்குல கோன் மிகச் சிறியது. குளத்து நீரில் உள்ளங்கையை மெல்ல அசைத்தால் நீர் பக்கவாட்டில் விலகி வழிவிடுமே தவிர அலையாக எழாது. கோனுக்கு எதிரேயுள்ள காற்றும் அப்படித்தான் நழுவிவிடுகிறது. கோனின் சொந்த எடையை ஆட்டுவதிலேயே காயிலின் விசை தீர்ந்துபோகிறது.

இந்த இழப்பைக் குறைக்கக் கோனுக்கு முன்னால் வைக்கும் விரியும் குழாய்தான் ஹார்ன். அது புதிதாக ஆற்றல் எதையும் சேர்ப்பதில்லை. காற்று நழுவாதபடி சுவர் கட்டுவதுதான் அதன் வேலை. குறுகிய தொண்டையில் காற்று அழுத்தமாக நின்று கோனுக்கு எதிர்ப்புத் தரும். அந்த அழுத்தம் சிறிது சிறிதாக விரியும் குழாய் வழியே அகன்ற வாய்க்கு வந்து வெளியோடு கலக்கும். இதைக் கணக்கில் பிடித்த சமன்பாட்டை ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர் 1919-இல் வெளியிட்டார். பேசும் படங்கள் வந்த புதிதில் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்களின் திறன் மிகக் குறைவு. ஒரு கூடம் முழுக்க வசனம் கேட்டதென்றால் அது ஹார்ன்களின் உபயம். நம் கோயில் திருவிழாக்களின் கூம்பு ஒலிபெருக்கியும் இதே தத்துவம்தான். ஆனால் அது சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல்தான் பேசும்; அதனால் கையில் தூக்கும் அளவில் முடிந்துவிடுகிறது.

பேஸுக்கு வந்தால் அளவுகள் மிரட்டும். எக்ஸ்பொனென்ஷியல் ஹார்னில் குறுக்குப் பரப்பு குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்தத் தூரம்தான் ஹார்ன் எந்த அதிர்வெண் வரை இறங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 40 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 47 சென்டிமீட்டருக்கு ஒருமுறை இரட்டிப்பாக வேண்டும். 20 ஹெர்ட்ஸ் என்றால் 95 சென்டிமீட்டர். வாயின் சுற்றளவும் ஓர் அலைநீளத்துக்குக் குறையக் கூடாது. 40 ஹெர்ட்ஸுக்கு அது 2.7 மீட்டர் விட்டமுள்ள வட்டம், 5.9 சதுர மீட்டர் பரப்பு. வாய் இதற்குச் சிறுத்தால் அலையின் ஒரு பகுதி உள்ளேயே திரும்பி வந்து, சில அதிர்வெண்களில் ஒலி ஓங்கியும் சிலவற்றில் ஒடுங்கியும் கேட்கும்.

வாயின் அளவைக் குறைக்க வழி சொன்னது அறையின் மூலை. ஹார்னைத் தரையில் வைத்தால் ஒலி பரவும் வெளி பாதியாகிறது, தேவையான வாயும் பாதியாகிறது. இரு சுவர்களும் தரையும் கூடும் மூலையில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.74 சதுர மீட்டர் போதும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்னும் சிற்றூரில் பால் கிளிப்ஷ் 1946-இல் தொடங்கிய நிறுவனத்தின் கிளிப்ஷ்ஹார்ன் இந்தக் கணக்கில் பிறந்ததே. 15 அங்குல டிரைவரின் ஒலி மரப்பெட்டிக்குள் மடிந்து மடிந்து சென்று, பின்பக்கத்தின் இரு ஓரங்களிலும் வெளியேறும். அங்கிருந்து வீட்டுச் சுவர்களே ஹார்னின் கடைசிப் பகுதி. மூலையில் வைக்காத கிளிப்ஷ்ஹார்ன் பாதி ஹார்ன்தான்.

அடுத்தது டிரைவர். பேஸ் ஹார்னை டிரைவருக்குப் பொருத்தி வடிவமைக்க டி.பி. கீல் 1977-இல் தந்த முறை இன்றும் தொடக்கப் புள்ளி. டிரைவரின் இயல்பு அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ், மின்சார கியூ 0.3, விஏஎஸ் (கோன் தொங்கலின் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் கனஅளவு) 300 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இம்மூன்றின் பெருக்கலை 2π-ஆல் பெருக்கி ஒலிவேகத்தால் வகுக்க, தொண்டைப் பரப்பு சுமார் 490 சதுர சென்டிமீட்டர் வருகிறது. 18 அங்குல கோனின் பரப்பு 1200 சதுர சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஆக, காற்று இரண்டரை மடங்கு நெருக்கப்படுகிறது. இந்தத் தொண்டையிலிருந்து 0.74 சதுர மீட்டர் வாய்வரை குழாயின் நீளம் 1.85 மீட்டர். கியூ குறைந்த, அதாவது காந்தம் வலுவான டிரைவரே ஹார்னுக்கு ஏற்றது. பெட்டியில் பேஸ் போதவில்லை என்று ஒதுக்கப்படும் டிரைவர் ஹார்னில் சிறப்பாக வேலை செய்வதும் உண்டு. கோனுக்குப் பின்னால் காற்றுப்புகாத அறை ஒன்றும் தேவை. தொண்டையில் உள்ள காற்றின் நிறைச்சுமையை அந்த அறைக்காற்றின் விறைப்பு சரிக்கட்டும். இந்த எடுத்துக்காட்டில் 87 லிட்டர் வருகிறது. இவற்றையெல்லாம் ஒரே திரையில் போட்டுப் பார்க்க டேவிட் மக்பீனின் ஹார்ன்ரெஸ்ப் என்னும் இலவச மென்பொருள் உதவுகிறது.

செயல்திறனை விவரச்சீட்டில் படிக்கும்போது கவனம் வேண்டும். தரையில் வைத்த ஸ்பீக்கர் 1 வாட் ஒலியை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பினால், 1 மீட்டர் தொலைவில் 112 டெசிபல். இதிலிருந்து மற்றவை வரும்: 1 வாட் மின்சாரத்துக்கு 92 டெசிபல் என்றால் 1 விழுக்காடு, 102 என்றால் 10 விழுக்காடு. ஆனால் அதே எண் மூலையில் அளந்ததென்றால் உண்மைச் செயல்திறன் அதைவிடக் குறைவு, ஏனெனில் சுவர்கள் ஒலியைக் குவித்துத் தருகின்றன. அகன்ற வாய்க்கு 1 மீட்டரில் மைக் வைப்பதும் பொருளற்றது. 10 மீட்டரில் அளந்து 20 டெசிபல் கூட்டுவதே முறை. கோட்பாட்டில் கீலின் வடிவமைப்பு 50 விழுக்காட்டை இலக்காகக் கொள்கிறது. 20 விழுக்காடு எட்டினாலே, முதலில் சொன்ன அந்த 10 வாட் ஒலிக்கு 50 வாட் மின்சாரம் போதும்.

திறந்த மைதானத்தில் மூலை கிடையாது. அங்கே மேற்கண்ட ஹார்ன் நான்கை நெருக்கி அடுக்கினால் வாய்கள் சேர்ந்து சுமார் 3 சதுர மீட்டர் ஆகும். தரைக்குத் தேவையான அளவு அதுவே. தனியாக ஒரு பெட்டியைச் சோதித்துவிட்டு ஹார்னே மோசம் என்று முடிவுகட்டுவது நியாயமல்ல. மடிப்புகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, 40 ஹெர்ட்ஸ் அலை அவற்றைப் பொருட்படுத்தாது. பலகைதான் முக்கியம். தொண்டையருகே அழுத்தம் மிகுதி. அங்கே பிளைவுட் அதிர்ந்தால் ஒலியாக வேண்டிய ஆற்றலை அது தின்றுவிடும். உள்ளே குறுக்குக் கட்டைகள் வைத்து இறுக்க வேண்டும்.

ஹார்னின் எல்லைக்குக் கீழே காற்றின் பிடி விட்டுப்போகும். 25 ஹெர்ட்ஸ் ஒலி உள்ளே போனால் கோன் தாங்குவாரின்றி முன்னும் பின்னும் பாய்ந்து காயில் கிழியலாம். ஆகவே 35 ஹெர்ட்ஸ் அளவில் செங்குத்தாக வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் கட்டாயம். குழாயின் 1.85 மீட்டரைக் கடக்க ஒலிக்கு 5.4 மில்லி விநாடி ஆகிறது. மேலேயுள்ள ஸ்பீக்கர்களுக்கு அதே அளவு தாமதம் கொடுத்தால்தான் மத்தளத்தின் தொப்பியும் வலந்தலையும் ஒன்றாக வந்து சேரும்.