அவிசாவளை முதல் நுவரெலியா வரை: ஏ7 வீதியும் அதன் சந்திகளும்

கிளிநொச்சியில் இருக்கும் என் பெரியம்மா, தன் அண்ணன் பேத்தியின் கல்யாணத்துக்காக அக்கரப்பத்தனைப் பக்கமுள்ள தோட்டமொன்றுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஹட்டனுக்கு வந்து சேந்துட்டா மிச்சத்துக்கு பஸ் இருக்குமா?"

1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இப்படியான குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 1983க்குப் பிறகு இன்னும் பலர் போனார்கள். அவர்களுக்கு ஏ9 வீதி மனப்பாடம். எந்த வருடம் மூடினார்கள், எந்த வருடம் திறந்தார்கள், எந்த இடத்தில் இறக்கிப் பையைக் கொட்டச் சொன்னார்கள் என்பதெல்லாம் தெரியும். ஆனால் புறப்பட்டு வந்த ஊருக்குத் திரும்பிப் போகும் வழி பலருக்கு மறந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. அந்த வழியின் முக்கியமான பகுதி ஏ7 வீதியில் இருக்கிறது.

ஏ7 என்பது அவிசாவளையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், ஏறத்தாழ 119 கிலோமீற்றர் நீளமான பிரதான வீதி. தெஹியோவிற்ற, கரவனெல்ல, யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று ஊர்கள் வரிசையாக வரும். மேல், சப்ரகமுவ, மத்திய மாகாணங்கள் மூன்றையும் அது தொடுகிறது. புறப்படும் இடம் கிட்டத்தட்டச் சமவெளி. ஹட்டனுக்கு வரும்போது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் ஏறியிருப்போம். நுவரெலியாவில் சுமார் 1,870 மீற்றர்.

இந்த வீதியைப் பற்றி அதிகம் பேர் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. அதன் இரண்டு முனைகளும் மட்டக்களப்பை நோக்கித்தான் இருக்கின்றன. அவிசாவளையில் அது கொழும்பு - இரத்தினபுரி - வெல்லவாய வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதியிலிருந்து பிரிகிறது. நுவரெலியாவில் அது சேரும் ஏ5 வீதியோ பேராதனையில் தொடங்கி பதுளை, பிபிலை ஊடாகச் செங்கலடியில் போய் முடிகிறது. ஆக கிழக்கிலிருந்து வருகிறவருக்கு ஏ7க்குள் நுழைய இரண்டு வாசல்கள். வடக்கிலிருந்து வருகிறவருக்கு வாசல் நடுவில், கினிகத்தேனையில்.

கீழ்ப் பாதி

அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை வரை வீதி பெரிதாகத் தொந்தரவு தராது. இரு பக்கமும் இறப்பர் மரங்கள். கரவனெல்ல சந்தியில் ஏ21 வீதி புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலைக்குப் போய், கொழும்பு - கண்டி வீதியைத் தொடுகிறது. ஒரு காலத்தில் அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை வரை குறுகிய பாதை ரயில்கூட ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். இந்தப் பகுதியின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களிலும் தமிழர்கள் வாழ்கிறார்கள் என்பது மலையகம் என்றாலே நுவரெலியாவை மட்டும் நினைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

கித்துல்கலவைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியும். 1957இல் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தின் பாலக் காட்சி இங்கே களனி கங்கையில்தான் எடுக்கப்பட்டது. தோட்டத்துச் சனங்களுக்கு கித்துல்கல என்றால் வளைவுகள் ஆரம்பிக்கும் இடம். இங்கிருந்து கினிகத்தேனை வரை வீதி மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். பஸ்ஸில் கண்டக்டர் கேட்காமலே ஷொப்பிங் பைகளை நீட்டுவது இந்தப் பகுதியில்தான். முன் ஆசனத்தில் இருந்து ஜன்னலுக்கு வெளியே தூரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் ஓரளவு தப்பலாம்.

போர்க் காலத்தில் இந்தக் கீழ்ப் பாதிக்கு வேறொரு முகமும் இருந்தது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யப் போன மலையக இளைஞர்களும் பெண்களும் இந்த வழியாகத்தான் இறங்கினார்கள். தேசிய அடையாள அட்டையே இல்லாதவர்கள் அவர்களில் நிறையப் பேர். சோதனைச் சாவடியில் ஒரு தமிழ்ப் பெயரும், அட்டை இல்லாத சட்டைப் பையும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கினிகத்தேனைச் சந்தி

வன்னியிலிருந்து வருகிறவர் மனதில் வைத்திருக்க வேண்டிய சந்தி இதுதான். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி கண்டியில் தொடங்குகிறது. கண்டியிலிருந்து பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி என்று வரும் வீதி கினிகத்தேனையில் ஏ7ஐச் சந்திக்கிறது. கொழும்பு பஸ்ஸும் கண்டி பஸ்ஸும் இங்கிருந்து ஒரே பாதையில் ஹட்டனுக்கு ஏறும். இங்கிருந்து நோர்ட்டன் பிறிஜ், லக்ஷபான மின்நிலையங்கள் பக்கமும் வழி இருக்கிறது.

பெரியம்மாவின் முன்னோரும் ஏறத்தாழ இதே திசையில்தான் வந்திருக்க வேண்டும், நடந்து. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வள்ளத்தில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வன்னிக் காடு, தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாக வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. மலையகம் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்தப் பாதையைத்தான் திரும்பவும் மிதித்தார்கள். ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அதற்குள் கோப்பி நோயில் அழிந்து, தேயிலை வந்துவிட்டது. வீதியும் ரயிலும் மலைக்கு ஏறியதன் நோக்கம் ஒன்றுதான்: விளைந்ததைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவது. ஒவ்வொரு சந்தியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால், அநேகமாக ஒரு தோட்டத் தொகுதியின் தேயிலைப் பெட்டிகள் வந்துசேரும் இடமாக அது இருந்திருக்கும். சனங்கள் எங்கே போக வேண்டும் என்று பார்த்து வைத்த சந்திகள் அல்ல.

ஹட்டனும் அதற்கு மேலும்

கினிகத்தேனையைத் தாண்டினால் வட்டவளை. நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மழையும் பனிமூட்டமும் சேர்ந்த மாலையில் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் பக்கத்தில் வந்த பிறகே தெரியும். 2024 டிசம்பர் 21ஆம் திகதி ஹட்டனிலிருந்து கண்டிக்குப் புறப்பட்ட தனியார் பஸ்ஸொன்று மல்லியப்புப் பகுதியில் கவிழ்ந்து மூவர் உயிரிழந்தார்கள்.

ஹட்டன் நகரம் சின்னது. ஒரு பிரதான வீதி, பஸ் நிலையம், ரயில் நிலையம், கோயில், நகைக்கடைகள், சம்பள நாளில் நிரம்பி வழியும் புடவைக்கடைகள். ஆனால் சந்தி பெரியது. இங்கிருந்து பிரியும் வீதி டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்குப் போய், அங்கே இரண்டாகிறது. ஒன்று பொகவந்தலாவைக்கு. மற்றது மஸ்கெலியா, நல்லதண்ணி ஊடாகச் சிவனொளிபாதமலை அடிவாரத்துக்கு. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையான பருவத்தில் தெற்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் வாகனங்களால் ஹட்டன் திணறும். அந்த மாதங்களில் வார இறுதியில் இந்தப் பக்கம் பயணம் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலை இருக்கிறது. 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தது. வைத்தியசாலை நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே வந்து சேர்வதுதான் கேள்வி; அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹட்டன் ரயில் நிலையத்தையும் சொல்லாமல் போக முடியாது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய சனங்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என்று 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. இந்தியாவுக்குப் போனவர்கள் இங்கேயும் சுற்றியுள்ள நிலையங்களிலும் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அந்த ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'.

கொட்டகலையைக் கடந்து பத்தனைச் சந்தி. கல்வியியற் கல்லூரி இருப்பதால் எந்த நேரமும் மாணவர்கள் நிற்பார்கள். பக்கத்தில் டெவோன் தோட்டம். தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கும் திட்டத்துக்கு எதிராக 1977 மே 11இல் தொழிலாளர்கள் திரண்டபோது பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் இறந்தார். பஸ்ஸில் போகிறவர்கள் டெவோன் நீர்வீழ்ச்சியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பும் இடம் இதுதான். அடுத்து வரும் சென்கிளயர் நீர்வீழ்ச்சியின் தண்ணீரைத்தான் தலவாக்கலையில் அணை கட்டி, 2012இல் திறந்த மேல் கொத்மலை மின்திட்டத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு வீதி பூண்டுலோயா வழியாகத் தவலந்தென்னவில் ஏ5ஐத் தொடும். கண்டிக்குப் போக மற்றொரு வழி. அக்கரப்பத்தனை, டயகம பக்கம் போகிறவர்களும் தலவாக்கலையில் பஸ் மாற வேண்டும். பிரதான வீதி லிந்துலை ஊடாக நானுஓயாவுக்கு ஏறுகிறது. இடையில் ராதெல்ல குறுக்குவழி. தூரம் குறைவு, சரிவு அதிகம். 2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு, கொழும்பிலிருந்து பாடசாலைச் சுற்றுலா வந்த பஸ் அந்தச் சரிவில் ஒரு வேனையும் முச்சக்கரவண்டியையும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் வந்தவர்கள். வெளியூர்ச் சாரதிகள், குறிப்பாகப் பெரிய வாகனத்தில் வருகிறவர்கள், தொலைபேசி காட்டும் குறுக்குவழியை நம்பி அந்தப் பக்கம் திருப்பக் கூடாது.

நானுஓயாவிலிருந்து சிறிது தூரத்தில் நுவரெலியா. ஏ7 அங்கே முடிகிறது.

சந்திக்கு அப்பால்

இலங்கையில் ஏ, பி என்று இலக்கமிட்ட வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். அதற்கடுத்த சி, டி வகைகள் மாகாணத்துக்கு. மிச்சம் நகரசபைக்கோ பிரதேச சபைக்கோ. ஆனால் தோட்டத்துக்குள் போகும் வீதி இந்தப் பட்டியலில் எங்கும் விழாது. அது தோட்டத்தின் வீதி. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனபோது வீதியும் கூடவே போனது. கம்பனிக்கு அந்த வீதி கொழுந்து லொறி ஓடுவதற்கு வேண்டும். தொழிற்சாலை இயங்கும் வரை குழிகளுக்குக் கல்லாவது போடுவார்கள். தொழிற்சாலையை மூடிக் கொழுந்தை வேறு தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கினால், லயத்துக்குப் போகும் வீதி இரண்டு மூன்று மழையோடு ஓடையாகிவிடும்.

பிரதேச சபை ஏன் செய்வதில்லை என்று கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்துச் சனங்கள் அதே சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்களையும் தெரிவு செய்தார்கள். அந்த உறுப்பினர் தன் சொந்த லயத்துக்கு முன்னால் ஒரு மதகு போடச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. மூன்று தசாப்தங்கள் இப்படி ஓடின. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்தன. இப்போது சபை செலவிடலாம். ஆனால் செலவிடலாம் என்பது ஒன்று, செலவிட நிதி இருப்பது இன்னொன்று. காணி இன்னும் கம்பனியின் குத்தகையில் இருப்பதால், வேலை தொடங்க முன் தோட்ட நிர்வாகத்தோடு பேசவும் வேண்டியிருக்கிறது. தேர்தல் நெருங்கும்போது முந்நூறு மீற்றர் கொங்கிறீட் போட்டு, பெயர்ப்பலகை நட்டுவிட்டுப் போவார்கள். பலகை பெரும்பாலும் வீதியைவிட நீண்ட நாள் நிற்கும்.

ஏ7 வீதியில் வாகனத்தில் போகிறவருக்கு இது எதுவும் தெரியாது. தார் வழுவழுப்பாக இருக்கிறது, தேயிலை பச்சையாக இருக்கிறது. ஓரத்தில் ஒரு கிளைவீதி, தோட்டத்தின் பெயர்ப்பலகை, இரண்டு முச்சக்கரவண்டிகள், பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிப்போக நிற்கும் ஒரு பாட்டி. பிரசவ வலி எடுத்த பெண்ணை இரவில் கம்பளியில் வைத்து அந்தக் கிளைவீதியால் தூக்கி வந்த கதை இல்லாத தோட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. பிரதான வீதிக்கு வந்துவிட்டால் டிக்கோயா வைத்தியசாலை தூரமில்லை.

போர் நடந்த இடத்தில் வீதியை மூடினார்கள். சனம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நின்றது. மலையகத்தில் யாரும் எதையும் மூடவில்லை. சந்திக்கு அப்பால் வீதி யாருடையது என்று சொல்வதற்கு ஆளில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. பெரியம்மா இரண்டிலும் நடந்தவர் என்பதால் இந்தப் பேச்சு வந்தது.

அவர் கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறி, விடியும்போது கண்டிக்கு வந்து, கண்டியில் ஹட்டன் பஸ்ஸைப் பிடித்தார். ஹட்டனில் நான் சேர்ந்துகொண்டேன். தலவாக்கலையில் மாறி, அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டச் சந்தியில் நாங்கள் இறங்கும்போது மதியம் இரண்டு மணி. லயத்துக்கு மூன்று கட்டை. முச்சக்கரவண்டிக்காரர் பெரியம்மாவையும் பார்த்தார், பைகளையும் பார்த்தார்.

"மேப்பிரிவுக்கா அம்மா? பாலத்தடி வரைக்கும்தான் வருவேன். அதுக்கு மேல வண்டி போகாது."

"பாலம் தெரியும்," என்றார் பெரியம்மா. "நான் போகக்குள்ளயும் அது ஒடஞ்சுதான் கெடந்துச்சு."