‘சர்வர் வேலை செய்யவில்லை’: ஒரு பதிலைச் சோதிப்பது எப்படி?

தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2020 அக்டோபரில் கைரேகைச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. அதன்பின், ‘சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்’ என்பது பழகிப்போன பதிலாகிவிட்டது. மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் கொல்லிமலையில் மறுநாளும் கடைக்கு நடப்பது என்றால், இன்னொரு நாள் கூலியை இழப்பது என்று பொருள். ஆகவே, அந்தப் பதிலைச் சோதித்தறியும் திறன் நமக்குத் தேவை.

பழுது மூன்று இடங்களில் நேரலாம். கடையிலுள்ள பி.ஓ.எஸ். கருவிக்குச் சிக்னல் கிடைக்காதிருக்கலாம், கைரேகை பொருந்தாதிருக்கலாம், சர்வரே முடங்கியிருக்கலாம். ஆதார் சரிபார்ப்பில் ‘300’ என்ற பிழை எண், கைரேகை பொருந்தவில்லை என்பதைக் குறிக்கும். அப்படியானால் சர்வர் இயங்கிப் பதிலளித்திருக்கிறது. அதே நேரத்தில் அடுத்த ஊர்க் கடையில் பொருள் வழங்கப்பட்டிருந்தால், பழுது பெரும்பாலும் சிக்னலிலோ கருவியிலோதான் இருக்கும். பல ஊர்க் கடைகளும் ஒருசேர முடங்கினால் சர்வரை ஐயுறலாம்.

சர்வரின் இயங்குதளம் முடங்குவதற்கும் கண்டறியத்தக்க காரணங்கள் உண்டு. வட்டு நிரம்பினால் புதிய பதிவுகளை எழுத இயலாது. நினைவகம் தீர்ந்தால், லினக்ஸ் இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் ஒன்றைத் தானே நிறுத்திவிடும். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானால் மற்றக் கணினிகள் இணைய மறுக்கும். இத்தகைய நிகழ்வுகள் பொதுவாக ‘லாக்’ கோப்புகளில் மணி, நிமிடத்துடன் பதிவாகும். தேர்ந்த பொறியாளர் முதலில் படிப்பது அவற்றையே. அவற்றைப் படிக்காமல் சர்வரை அணைத்து மீண்டும் இயக்கினால் சேவை திரும்பலாம். காரணம் அப்படியே இருக்கும்.

இந்த லாக் நமக்கும் சான்றாகும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 2(எஃப்)-இன்படி மின்னணு வடிவிலுள்ள தரவும் ‘தகவல்’தான். முழுக் கோப்பையும் கேட்டால் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கக்கூடும். எனவே குறிப்பிட்ட நாளில் சேவை முடங்கிய நேரம், மீண்ட நேரம், பதிவான காரணம் ஆகியவற்றை மட்டும் கேட்பது நல்லது.

பழுது எங்கிருந்தாலும் உணவு மறுக்கப்படலாகாது. கைரேகை பொருந்தாமை, இணைப்பின்மை போன்ற காரணங்களுக்காகப் பொருளை மறுக்கக் கூடாதென ஒன்றிய அரசு 2017 அக்டோபர் 24 அன்று சுற்றறிக்கை அனுப்பியது. உரிய தானியம் வழங்கப்படாவிடில், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013, பிரிவு 8 தகுதியுடையோருக்கு உணவுப் பாதுகாப்புப் படி பெறும் உரிமையை அளிக்கிறது.

கணினி பயிலும் மாணவர்கள் மலையூர்க் கடைகளில் நாள், நேரம், திரையில் தோன்றிய செய்தி, அடுத்த கடையின் நிலை ஆகிய நான்கையும் குறித்துவைக்கட்டும். மாவட்டக் குறைதீர் அலுவலர் முன் வைக்கும் மனுவுக்கு அந்தக் குறிப்பே வலுச் சேர்க்கும்.