டோர்வல் குளிரும் டர்போவின் கணக்கும்

கனடாவின் டோர்வலில் ஜனவரி மாதக் காலை. வெளியே மைனஸ் 20 டிகிரி. அந்தக் காற்றில் ஒரு கன மீட்டரை நிறுத்துப் பார்த்தால் சுமார் 1,400 கிராம் இருக்கும். 35 டிகிரி வெயிலில் காயும் சென்னையில் அதே அளவு காற்று 1,150 கிராம்தான். எடை கூடினால் ஆக்சிஜன் கூடும். ஆக்சிஜன் கூடினால் பெட்ரோலையும் கூடுதலாக எரிக்கலாம். அப்படியென்றால் குளிர்காலத்தில் கார் சீறிப் பாய வேண்டுமே!

எஞ்சின் புகையால் சுழன்று காற்றை உள்ளே திணிக்கும் டர்போ பொருத்திய இன்றைய கார்கள் பெரும்பாலும் அப்படிப் பாய்வதில்லை. அக்கா மகன் தன் காருக்குக் காற்றைத் தாராளமாக விடும் ஃபில்டரும் அகலமான சைலன்சரும் மாட்டினான். "மாமா, சத்தம் கூடியிருக்கு, இழுவை கூடலையே" என்று வந்து நின்றான். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சிறு கருவியைச் செருகி, செல்போனில் டர்போ அழுத்தத்தைப் பார்த்தோம். கோடையில் 1 பார் வரை ஏறிய எண், இப்போது முக்கால் பாரிலேயே நின்றுவிட்டது. பழுது ஒன்றுமில்லை. காற்று அடர்த்தியாக இருப்பதால் குறைந்த அழுத்தத்திலேயே தேவையான அளவு உள்ளே போய்விட்டது. போதும் என்று எஞ்சின் கணினி நிறுத்திக்கொண்டது.

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து ஒரு கேபிள் நேரே, எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலை இழுக்கும். 1990களின் பிற்பகுதியில் பாஷ் நிறுவனத்தின் எம்இ7 போன்ற கணினிகள் வந்தபின் அந்த நேரடி உறவு அறுந்தது. நாம் மிதிப்பது இப்போது ஒரு விண்ணப்பம்: இவ்வளவு முறுக்குவிசை வேண்டும். கணினி அதற்கான காற்றைக் கணக்கிட்டு அவ்வளவை மட்டும் அனுமதிக்கிறது. மிஞ்சினால் வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவைத் திறக்கும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் டர்பைனைத் தொடாமலே புகை நழுவிப் போக, வேகம் தணியும். புது ஃபில்டர் சேர்த்துக் கொடுத்ததை இந்தக் கதவு கழித்துவிடுகிறது. டர்போ கொஞ்சம் முன்னதாக விழித்துக்கொள்ளும். உச்சத்தில் பெரிய மாற்றம் இராது.

இந்தக் கட்டுப்பாடு கஞ்சத்தனம் அல்ல. காற்றை அளவுமீறித் திணித்தால், தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன்பே கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள். முற்றினால் பிஸ்டனிலேயே ஓட்டை விழும். 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், இதை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் சுமந்தது. தொட்டி காலியானால் ஒரு வால்வு டர்போ அழுத்தத்தைக் குறைத்துவிடும். கணினி வருமுன்பே வரம்பு வந்துவிட்டது! இன்று எஞ்சினில் பதித்த நாக் சென்சார் அந்த அதிர்வைக் கேட்டதுமே கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. கிளட்சும் கியர்பாக்ஸும் தாங்கும் விசைக்கும் தனி வரம்புகள் உண்டு. கணினியின் நிரலை மாற்றி, அதாவது 'ரீமேப்' செய்து, வரம்பை உயர்த்தலாம். ஆனால் எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், டர்போ என ஏதோ ஒன்று அடுத்த சுவராக நிற்கும்.

குளிர் தரும் உபரியை மறுக்கும் இதே கணக்குக்கு இன்னொரு முகம் இருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத கார் அங்கே ஏறத்தாழ கால்வாசி வலுவை இழந்து மூச்சு வாங்கும். டர்போ காரில் கணினி, டோர்வலில் திறந்துவிட்ட அதே கதவை இறுக்கிச் சாத்தி, டர்பைனை இன்னும் வேகமாகச் சுழற்றி, குறைந்த காற்றை ஈடுகட்டப் பார்க்கிறது.